தட்டில் செத்த பூஞ்சை

சண்முகவேல் சார், என் வலது கண்ணை வைத்து நீங்கள் எண்ணெய் விற்றீர்கள். இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற பொம்பளை நான். தீவனம் கலக்குவதும் முட்டை பொறுக்குவதும்தான் என் வேலை. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்த நாட்களில் நடந்தது மற்றவர்களுக்குத் தெரியவேண்டும். கண் வலிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார முடிகிறபோதெல்லாம் இதை எழுதினேன்.

உங்களை எங்களிடம் கொண்டுவந்தது மக்காச்சோளம். மழைக்காலத்தில் வாங்கிப் போட்ட சோளம் குடோனில் சூடேறிப் பூசணம் பிடிக்கும். மேலே பார்த்தால் மஞ்சளாகத்தான் இருக்கும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், விரலோடு பச்சைத் தூள் வரும். அதைத் தின்ற கோழிக்கு ஈரல் கெடும், முட்டை குறையும். எங்கள் பிழைப்பில் பாதிப் பயம் அந்தப் பச்சைத் தூளைப் பற்றியது.

நீங்கள் காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வேப்பங்கொட்டை, புங்கங்கொட்டை, கருஞ்சீரகம் மூன்றின் எண்ணெயையும் கலந்து சோளத்தில் தெளித்தால் பூசணம் அண்டாது என்று பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். வட்டமான கண்ணாடித் தட்டு. தட்டு முழுக்க வெல்வெட் துணி விரித்ததுபோலப் பச்சைப் பூஞ்சை. நடுவில் உங்கள் எண்ணெயில் நனைத்த சின்னக் காகிதத் துண்டு. அதைச் சுற்றி மட்டும் சுத்தமான ஒரு வளையம். பூஞ்சை அந்த வளையத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எண்ணெய் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் குடோனில் இரண்டு குவியல் போட்டுப் பார்த்தோம். தெளித்த குவியல் அப்படியே இருந்தது. தெளிக்காத குவியல் கட்டி தட்டிப் போனது. அதற்குப் பிறகு உங்கள் கேன் எங்கள் தீவன அறையில் நிரந்தரமாக இடம் பிடித்தது.

ஒருநாள் அரவை மிஷினில் சோளத்தைக் கொட்டும்போது தோல் சிலும்பு ஒன்று பறந்து வந்து வலது கண்ணில் பட்டது. தண்ணீர் அடித்துக் கழுவினேன். சாயங்காலம் உறுத்தல். மறுநாள் சிவப்பு. அன்றைக்குத்தான் நீங்கள் கேன் மாற்ற வந்தீர்கள்.

"என்ன அம்மிணி, கண்ணு கோவப்பழமாட்ட இருக்குது?" என்றீர்கள்.

சோளத்தூசி விழுந்துவிட்டது, ராசிபுரத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டப்போகிறேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை. என் வீட்டுக்காரரும் மறக்கவில்லை.

"சோளத்துல இருந்து வந்தது சோளப் பூசணம்தான். சோளத்துல அடங்கறது கண்ணுல அடங்காதா? கோழிக்குஞ்சுக்குக் கண்ணு வழியாத்தான மருந்து உடறீங்க. உங்களுக்கு உட்டா என்ன?"

பண்ணை வைக்காதவர்களுக்கு இது விளங்காது. குஞ்சு வந்த சில நாளிலேயே வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விடுவோம். குஞ்சை உள்ளங்கையில் பிடித்து, தலையைச் சாய்த்து, சொட்டு விட்டு, அது விழுங்கும் வரை பார்த்திருந்துவிட்டுத்தான் கீழே விடுவோம். கண்ணில் விட்டது தொண்டைக்கு இறங்கினால்தான் மருந்து சேர்ந்தது என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான குஞ்சுக்கு அப்படி விட்ட கை எங்கள் கை. அதனால் நீங்கள் சொன்னது எங்களுக்குப் புதுசாகவே தெரியவில்லை. அதைத் தெரிந்துதான் சொன்னீர்கள். வேறு ஊரில் வேறு தொழில் செய்கிறவர்களிடம் சொல்லியிருந்தால் உங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

கேனிலிருந்து கொஞ்சம் எண்ணெயைச் சின்னப் பாட்டில் ஒன்றில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். என் வீட்டுக்காரர் தடுப்பு மருந்தோடு வருகிற சொட்டுமூடி ஒன்றை வெந்நீரில் போட்டு எடுத்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையைச் சாய்த்தார். கட்டைவிரலால் இமையை விலக்கி ஒரு சொட்டு விட்டார். தீயாக எரிந்தது. பிறகு என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முழுங்கிட்டியா?" என்றார்.

முழுங்கினேன். வேப்பெண்ணெய்க் கசப்பு கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்கி நாக்கின் அடியில் வந்து நின்றது. இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு காலையும் மாலையும் அப்படியே.

இரண்டொரு நாளில் எரிச்சல் குறைந்தது. நீங்கள் வாட்ஸப்பில் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் ஷெட்டில் தீவனம் தள்ளிக்கொண்டிருந்தேன். கை அழுக்காக இருந்ததால் எழுதாமல் குரலில் பதில் சொன்னேன். "நல்லாருக்குதுங்க சார். எரிச்சல் போயிருச்சு. வெளிச்சம் பாத்தாக் கூசறதும் கம்மியாயிருச்சுங்க." அவ்வளவுதான் சொன்னேன். பின்னால் கோழிகள் தீவனத்துக்குக் கத்திக்கொண்டிருந்தன. தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு என் நாத்தனார் சரசு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணி, கண்ணுல என்னமோ வெள்ளையா இருக்குது" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். கருவிழியின் மேல் காய்ந்த கஞ்சித்துளி போல ஒரு புள்ளி. துடைத்தேன், போகவில்லை. கண்ணின் மேலே இல்லை அது, உள்ளே இருந்தது.

உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் தயங்கவே இல்லை. "பூசணம் சாகறப்ப வெள்ளையாத்தான் தெரியும் அம்மிணி. பாதியில நிறுத்தீராதீங்க."

நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நிற்பேன். புள்ளி பட்டாணி அளவு ஆனது. வலி பெரிதாக இல்லை. வலிக்காமல் ஒன்று கண்ணுக்குள் வளர்வதைத் தினமும் நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் நான் விளக்க முடியாது. ஒருநாள் காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். நான் தெரியவில்லை. வெள்ளைப் புகை மட்டும் தெரிந்தது. அன்றைக்குச் சரசு யாரையும் கேட்காமல் காரை வரவழைத்தாள்.

சேலத்து ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் நிறையப் பேர். பாதிப் பேருக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அசையாமல் இருந்தார்கள். ஷெட்டில் சீக்கு விழுகிற அன்றைக்குக் கோழிகள் இப்படித்தான் இருக்கும். சத்தமே வராது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சரசு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா ஒரு கருவியில் என் முகவாயை வைக்கச் சொல்லி, கத்தி மாதிரி ஒல்லியான வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நர்ஸிடம் சொன்னார், புண்ணின் ஓரம் இறகு மாதிரி இருக்கிறது, சுற்றிக் குட்டிப் புண்களும் இருக்கின்றன என்று. இறகு என்ற சொல் எனக்குள் குளிராக இறங்கியது. நாள் முழுக்க இறகுக்கு நடுவில் நிற்கிறவள் நான். அதில் ஒன்று உள்ளே போய்விட்டது போலத் தோன்றியது.

"கண்ணுக்கு என்னம்மா விட்டீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து உங்கள் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் எங்களுக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கிற கண்ணாடி. அதற்கும் மேல்தோல் உண்டு. சோளத்தோல் சிலும்பு, நெல் உமி, கரும்புச் சோகை, மரவள்ளிக் குச்சி எதுவானாலும் அந்தத் தோலைக் கீறினால் அதிலிருக்கும் பூஞ்சை உள்ளே நுழையும். நுழைந்தபிறகு கண்ணாடியின் அடுக்குகளுக்கு நடுவில் வேர் விட்டுப் போகும். ஆரம்பத்தில் புண் தெரிகிற அளவுக்கு வலி இருக்காது. அதனால்தான் ஜனங்கள் தாமதமாக வருகிறார்கள். எரிச்சல் குறைந்தது குணமானதால் இல்லை. எண்ணெய் மேலே படிந்து உறுத்தலை மறைத்தது, அதே நேரத்தில் மேல்தோலை இன்னும் புண்ணாக்கியது.

புண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து விட்டதால் வலி இல்லை. ஆனால் கண்ணை மூட முடியாதபடி கிளிப் போட்டிருந்ததால் அந்தச் சின்னக் கத்தி வருவதை அந்தக் கண்ணே பார்த்தது. புகைக்குள்ளிருந்து ஒரு கோடு நீண்டு பக்கத்தில் வந்தது. பிறகு கண்ணின் மேல் யாரோ நடப்பதுபோல ஒரு அழுத்தம்.

சுரண்டியதைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள். நூல் நூலாக, கிளை விட்டு, கரும்பு மாதிரி கணு வைத்துக் கிடந்தது. பூஞ்சையின் பெயரை டாக்டரம்மா சொன்னார். ஆஸ்பர்ஜில்லஸ். எனக்கு அந்தப் பெயர் தெரியும். பண்ணைக்காரர் யாருக்கும் தெரியும். சோளத்துக்கு வருகிற பச்சைத் தூளின் பெயர் அது. தீவனக் கம்பெனிக்காரர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்களைப் பயமுறுத்துவார்கள். கோழிக்கு வராமல் இருக்க நான் எவ்வளவோ பாடுபட்டேன். அது என்னிடமே வந்துவிட்டது.

வார்டில் படுக்கவைத்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக ஒரு சொட்டு மருந்து. குலுக்கிக் குலுக்கி மணிக்கு ஒருமுறை விடவேண்டும், இரவும் பகலும். சரசு வீட்டிலிருந்து கொள்ளு ரசமும் சோறும் கட்டிக்கொண்டு தினமும் பஸ் ஏறி வந்தாள். பண்ணையையும் அவள்தான் பார்த்தாள். செலவுக்காக என் வீட்டுக்காரர் ஒரு ஷெட் கோழியை முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே கறிக்கு ஏற்றிவிட்டார். அதை எனக்குச் சொல்லவில்லை. சரசுவின் முகத்தில் தெரிந்துகொண்டேன்.

அவர் என்னைவிட்டு நகரவில்லை. ஆனால் சொட்டு மருந்து விடமாட்டார். நர்ஸ் அவருக்குப் பழக்கிவிடலாம் என்று கூப்பிட்டபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்ற கை வேண்டாமுங்க" என்றார். பிறகு வராண்டாவுக்குப் போய் நின்றார்.

அந்த நாட்களில் ஒரு விஷயம் நடந்தது. டாக்டரம்மாவிடம்கூடச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் எண்ணெயை நிறுத்தி எவ்வளவோ நாளாகியும், நர்ஸ் வெள்ளை மருந்தை விட்டதும் என் தொண்டையில் வேப்பெண்ணெய்க் கசப்பு வரும். அந்த மருந்தில் கசப்பே இல்லை என்றார்கள். எனக்கு வந்தது. வந்ததும் என் வாய் தானாக முழுங்கும். முழுங்கிவிட்டு, யாரோ என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். கண்ணைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒருநாள் டாக்டரம்மா லேபிலிருந்து இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். முதல் தட்டில் என் கண்ணிலிருந்து சுரண்டியதைக் கத்தி முனையால் பிறை பிறையாக மூன்று வரி இழுத்திருந்தார்கள். அந்த வரிகளின் மேலேயே பூஞ்சை வளர்ந்திருந்தது. வெல்வெட் மாதிரி, அதே பச்சை. யாரோ எனக்குத் தெரியாத எழுத்தில் எழுதி வைத்து, அந்த எழுத்துக்கு முடி முளைத்ததுபோல இருந்தது. மூடியில் என் பெயர் ஒட்டியிருந்தது.

இரண்டாவது தட்டில் அதே பூஞ்சையைப் பரப்பி, நடுவில் உங்கள் எண்ணெய் நனைத்த காகிதத்தை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் சுத்தமான வளையம். நீங்கள் கூட்டத்தில் காட்டிய அதே வளையம்.

"அப்ப வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டேன்.

"செய்யுது. தட்டுல செய்யுது," என்றார் டாக்டரம்மா. "இந்த மாதிரி விதை எண்ணெய்கள் பூஞ்சையைத் தடுக்கும்ங்கிறது பொய் இல்லம்மா. வயலுக்கு, தானியத்துக்கு உதவும். ஆனா தட்டுல பூஞ்சை மேலாப்புல கிடக்குது. உங்க கண்ணுல அடுக்குக்குள்ள கிடக்குது. எண்ணெய் அங்க போகாது. போற அளவுக்கு வீரியமா விட்டா பூஞ்சைக்கு முன்னாடி கண்ணு வெந்துரும். தட்டு பார்க்க வேண்டியதில்ல. கண்ணு பார்க்கணும்."

சண்முகவேல் சார், நீங்கள் பாடம் நடத்தியவர். இது உங்களுக்குத் தெரியாதா? தெரியாது என்றால் எதற்கு வந்தீர்கள்? தெரியும் என்றால் நீங்கள் யார்?

இனி ராஜாமணி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் இதை எழுதுவதே அவருக்காகத்தான்.

அவர் ஆத்தூர்ப் பக்கம். மரவள்ளி பிடுங்கும்போது குச்சி கண்ணில் அடித்துவிட்டது. எனக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார், இடது கண்ணில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் மூடியோடு. கூட அவர் மகள் இருந்தாள். வந்த அன்றைக்கு நான் வெளிச்சத்துக்குப் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டு அசந்திருந்த நேரம்.

முதலில் கோழிகளின் சத்தம் கேட்டது.

தீவன நேரத்துக் கத்தல். கனவு என்று நினைத்தேன். பிறகு தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச். அது எங்கள் வண்டி. அந்தக் கிறீச்சை எனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு நான் பேசினேன். என் வாய் மூடியிருந்தது, என் முதுகுக்குப் பின்னால் நான் பேசினேன்.

"நல்லாருக்குதுங்க சார். எரிச்சல் போயிருச்சு. வெளிச்சம் பாத்தாக் கூசறதும் கம்மியாயிருச்சுங்க."

திரும்பிப் பார்த்தேன். ராஜாமணி அக்காவின் மகள் கையில் போன். அம்மாவுக்குத் தைரியம் சொல்வதற்காகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். "கேளும்மா. நாமக்கல்காரம்மாவுக்கு நல்லாயிடிச்சின்னு அவங்களே சொல்றாங்க. இங்க மருந்து கேக்கலன்னா நம்ம எண்ணெயவே திரும்பி விட்டுக்கலாம்." அக்காவின் தலையணைக்கு அடியிலிருந்து உங்கள் பாட்டிலின் மூடி எட்டிப் பார்த்தது.

எழுந்து உட்கார்ந்தேன். "அது நான்தானுங்க," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ இல்லம்மா," என்றார் ராஜாமணி அக்கா, பிள்ளைக்குச் சொல்வதுபோல. "அந்தம்மாவுக்கு நல்லாப்போச்சு. அவங்க குரலு தெம்பா இருக்கு. உனக்கு எங்க தெம்பு?"

சொல்லி நம்பவைக்க முடியாது என்று தெரிந்தது. அதனால் அதையே திருப்பிச் சொன்னேன். அதே வார்த்தைகளை, அதே இழுவையில், ஷெட்டுச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி எப்படிப் பேசியிருந்தேனோ அப்படி. நல்லாருக்குதுங்க சார். எரிச்சல் போயிருச்சு. மகள் போனைக் கீழே வைத்தாள். முதல்முறை நான் பொய் சொல்லவில்லை, அப்போது அது எனக்கு நிஜம். இரண்டாவது முறை சொல்லும்போது என் வாயே எனக்கு அந்நியமாக இருந்தது.

மகள் கீழே வைத்த போனையே ராஜாமணி அக்கா பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நல்லாப்போன அந்தம்மா யாருமே இல்லியா?"

இல்லீங்க்கா என்றேன்.

அவருக்கு அடிபட்டதும் உள்ளூர் டாக்டர் சேலத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார். கிளம்புகிற நேரத்தில் அந்தக் குரல் மகளின் போனுக்கு வந்திருக்கிறது. மரவள்ளி மில்லில் வேலை செய்கிற யாரோ அனுப்பியது, அவருக்கு வேறு யாரோ அனுப்பியது. 'கண் பூஞ்சைக்கு விதை எண்ணெய், பயன்பெற்றவரின் வாக்குமூலம்' என்று அதன் தலையில் எழுதியிருந்தது, கீழே உங்கள் போன் நம்பர். சேலம் பயணம் நின்றது. எண்ணெய் வந்தது. கண்ணில் வெள்ளை விழுந்தபோது பயந்துபோய் அந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார்கள். பூசணம் சாகிறபோது வெள்ளையாகத்தான் தெரியும் என்று அவர்களுக்கும் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் என் குரலைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். நான் இங்கே படுக்கையில் புண்ணோடு கிடந்தபோது, அங்கே ஆத்தூரில் ஒரு வீட்டில் நான் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். சேலத்துக்குப் போகாதே, எண்ணெயை விடு, விடு என்று.

பாட்டிலை அக்கா மகளிடம் கொடுத்து நர்ஸிடம் கொடுக்கச் சொன்னார். ஆனால் காலம் கடந்துவிட்டது. பூஞ்சை கருவிழியைத் துளைத்து உள்ளே இறங்கியிருந்தது. விட்டால் மூளைப்பக்கம் போகும் என்று டாக்டரம்மா சொல்லி, கண்ணின் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து கட்டோடு கொண்டுவந்து பக்கத்தில் படுக்கவைத்தார்கள். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. என் குரல் கேட்டால் அவருக்கு என்ன தோன்றும்?

அவராகத்தான் பேசினார். "உம்மேல கோவம் இல்லம்மா. அந்தக் குரலு மேலதான் கோவம்."

"அதுவும் நான்தானுங்க்கா."

"இல்ல," என்றார். "அது வேற ஆளு. அது இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு."

எனக்கு மருந்து முழுதாகக் கேட்கவில்லை. புண் மெலிந்து ஓட்டை விழப்போகிறது என்றதும், கெட்ட கருவிழியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்துபோன ஒருவர் தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். யாருடையது என்று சொல்லமாட்டார்கள். வயதானவர் என்று மட்டும் தெரியும். கட்டுப் பிரித்தபோது மங்கலாக ஒரு ஜன்னல் தெரிந்தது. முதலில் பார்த்தது நானா அவரா என்று இன்றைக்கும் யோசிப்பேன். அவர் பார்த்து முடித்த கண்ணாடி வழியாகத்தான் இப்போது என் வீட்டுக்காரரைப் பார்க்கிறேன். முகம் சரியாகத் தெரியாது. ஆள் நிற்பது தெரியும். இன்னும் தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு சொட்டு மருந்து விட வேறு ஆள் இல்லை. என் வீட்டுக்காரரே விடுகிறார். இமையை நான் விலக்கிக்கொள்கிறேன். அவர் என்னைத் தொடாமல் தள்ளி நின்று ஒரு சொட்டு விட்டுவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முழுங்கிட்டியா என்று கேட்பதில்லை. அவர்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை என்று இங்கேயே எழுதிவிடுகிறேன், நேரில் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

உங்களுக்குப் போன் செய்தேன் சார். என் கண்ணைப் பற்றிச் சொன்னேன், ராஜாமணி அக்காவைப் பற்றிச் சொன்னேன். அந்தக் குரலை எடுத்துவிடச் சொன்னேன். நீங்கள் சொன்னது: "எண்ணெய்ல குறை இல்ல அம்மிணி. நீங்க உட்ட பக்குவம் சரியில்ல. அப்பறம், ஒருதடவ அனுப்புனத யாரு திருப்பி எடுக்கறது?" பிறகு போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பின் எடுப்பதில்லை.

போன வாரம் சரசுவின் சம்பந்தி வீட்டுக்கு, எடப்பாடிக்கு, அந்தக் குரல் வந்திருக்கிறது. தறி ஓட்டுகிற ஒரு பையனுக்குக் கண்ணில் பஞ்சு விழுந்ததாம். சரசு அதைக் கேட்டதும் பஸ் ஏறிப் போய் அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். எல்லா ஊருக்கும் சரசு போக முடியாது.

தீவன நேரத்துக்கு நான் இப்போது ஷெட்டுக்குள் போவதில்லை. கோழிகள் கத்தத் தொடங்கி, வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டதும், அடுத்து யார் பேசப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியில் நின்று காதைப் பொத்திக்கொள்கிறேன். சக்கரத்துக்கு எண்ணெய் விடட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வீட்டில் இனி எதற்கும் எண்ணெய் விடுவதாக இல்லை.

பண்ணைக்காரர்கள் கூட்டம் வரும். நீங்களும் வருவீர்கள், தட்டுப் படத்தோடு. நானும் வருகிறேன். ராஜாமணி அக்காவும் ஆத்தூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்களைப் பார்த்து, மைக்கில், எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள். உங்கள் எண்ணெயை எந்தக் கண்ணில் வைத்துச் சோதித்தீர்கள்? அந்தக் கண் யாருடையது, இப்போது அதற்குப் பார்வை இருக்கிறதா? பூசணம் சாகும்போது வெள்ளையாகத் தெரியும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

அந்தப் பதிலை உங்கள் சொந்தக் குரலில் பதிந்து, என் குரலை அனுப்பிய இடத்துக்கெல்லாம் அனுப்புங்கள். அனுப்பியதைத் திருப்பி எடுக்க முடியாது என்றீர்கள். சரி, எடுக்க வேண்டாம். அதன் பின்னாலேயே உங்கள் குரலையும் அனுப்புங்கள். ஆத்தூரில், எடப்பாடியில், எனக்குப் பெயர் தெரியாத எந்த ஊரிலாவது ஒருத்தி கண்ணில் புண்ணோடு உட்கார்ந்து நான் தெம்பாகப் பேசுவதைக் கேட்பாள். அவள் பாட்டில் மூடியைத் திறப்பதற்குள் நீங்கள் பேசியாகவேண்டும்.

பேசுங்கள் சார்.